வேலையை விடும் முன்பே மருத்துவக் காப்பீடு: சொந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 மார்ச் மாதம். கோவையில் ஒரு மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் கவுன்ட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். இரண்டு நாளாக வலியில் துடித்தவரை அட்மிட் செய்து, மறுநாள் காலை ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் என் பாலிசிப் பிரதியைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, பென்சிலால் ஒரு வரியின் கீழ் கோடு போட்டு, தாளை என் பக்கம் திருப்பினார். கண்புரை, ஹெர்னியா, மூலம், பித்தப்பைக் கல் என்று ஒரு பட்டியல். அதற்கு மேலே "24 மாதங்கள்" என்று இருந்தது. நான் பாலிசி எடுத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. "இதுக்கு வராதுங்க சார்" என்றார். அப்பாவிடம் கொஞ்சம் வாங்கி, நகையை வைத்துக் கொஞ்சம் வாங்கி, 96,000 ரூபாய் கட்டினோம்.

அதற்கு முந்தைய அக்டோபர் வரை ஒரு பம்ப் கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அந்தப் பதினோரு வருடமும் கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸில் நாங்கள் மூவரும் இருந்தோம். அதிலேயே இருந்திருந்தால் இந்த ஆபரேஷனுக்கு ஒரு ரூபாய் கேள்வி வந்திருக்காது. வேலையை விட்டு, ஆவாரம்பாளையத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை போட்டு, ஜாப் ஒர்க் எடுக்க ஆரம்பித்தேன். வந்த கையோடு புதிதாக ஒரு பாலிசியும் எடுத்தேன். எடுத்ததில் தவறில்லை, எடுத்த விதத்தில்தான் தவறு. அந்தப் பதினோரு வருடத்தைப் புதுப் பாலிசிக்குக் கொண்டுவர வழி இருந்தது. எனக்கு அது தெரியாது, கம்பெனியில் யாரும் சொல்லவும் இல்லை.

அதனால்தான் வேலையை விடப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் முதலில் இதைத்தான் பேசுகிறேன். மிஷின் எங்கே வாங்குவது, கரண்ட் கனெக்‌ஷன் எப்படி எடுப்பது என்பதெல்லாம் அப்புறம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: காத்திருந்த மாதங்களும் உங்கள் சொத்துதான்

தனியாக எடுக்கும் மருத்துவ பாலிசியில் பணம் கட்டிய அன்றே எல்லாம் கிடைத்துவிடாது. மூன்று விதமான காத்திருப்பு இருக்கிறது. முதல் 30 நாளுக்கு விபத்தைத் தவிர வேறு எதற்கும் கிடைக்காது. கண்புரை, ஹெர்னியா, மூலம், கல், கர்ப்பப்பை அகற்றுவது, மூட்டு மாற்று போன்ற ஒரு பட்டியலுக்குப் பெரும்பாலும் 24 மாதம். ஏற்கெனவே இருக்கும் சுகர், பிபி, இதய நோய் போன்றவற்றுக்கு அதிகபட்சம் 36 மாதம். இந்தக் கடைசிக் கணக்கு முன்பு 48 மாதமாக இருந்தது. 2024 ஏப்ரலில் வந்த புதிய விதிகளில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை 36 ஆகக் குறைத்தது.

கம்பெனி குரூப் பாலிசியில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு எதுவும் இருக்காது. பிரசவத்துக்குக்கூட முதல் நாளிலிருந்தே கிடைக்கும். அதனால் மாதச் சம்பளத்தில் இருப்பவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

குரூப் பாலிசியிலிருந்து வெளியே வருபவர், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் அல்லது குடும்ப பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம். இது விதியிலேயே இருக்கும் உரிமை. மைக்ரேஷன் என்பார்கள். அப்படி மாறும்போது நீங்கள் இடைவெளி இல்லாமல் காப்பீட்டில் இருந்த காலம் கழித்துக்கொள்ளப்படும். நாலு வருடம் குரூப்பில் இருந்தவருக்கு 24 மாதமும் முடிந்தது, 36 மாதமும் முடிந்தது. கம்பெனி எந்த நிறுவனத்திடம் எடுத்திருந்ததோ அதே நிறுவனத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். அந்த நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் பின்னர் புதுப்பிக்கும் சமயத்தில் வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்துகொள்ளலாம். சேர்ந்த காலம் கூடவே வரும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய தொகை அளவுக்குத்தான் இந்தச் சலுகை. குரூப்பில் 3 லட்சம் இருந்து, இப்போது 10 லட்சம் எடுத்தால், 3 லட்சத்துக்குக் காத்திருப்பு இல்லை, மிச்சம் 7 லட்சத்துக்கு முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். நிறுவனம் உங்கள் உடல்நிலையைக் கேட்கும், சில சமயம் பரிசோதனைக்கும் அனுப்பும். அதற்காகத்தான் கடைசி நேரத்தில் ஓடாமல் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறேன்.

ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்

ஹெச்.ஆரிடம் போய், குரூப் பாலிசி எந்த நிறுவனத்தில் இருக்கிறது, பாலிசி நம்பர் என்ன, என் பெயர் எந்தத் தேதி வரை அதில் இருக்கும் என்று கேளுங்கள். பல கம்பெனிகளில் ரிலீவ் ஆகும் தேதியன்றே பெயரை எடுத்துவிடுவார்கள். "இந்த மாசம் முழுக்க இருக்கும்" என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். மெயிலில் கேட்டு மெயிலில் பதில் வாங்குங்கள்.

அடுத்து, நீங்களும் குடும்பத்தாரும் எந்தத் தேதியிலிருந்து இடைவெளியில்லாமல் காப்பீட்டில் இருக்கிறீர்கள் என்பதற்கு எழுத்தில் ஒரு ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு வருட இ-கார்டையும் எடுத்து வைத்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனத்திடமோ, கிளெய்ம் பார்க்கும் டிபிஏவிடமோ, கம்பெனி மூலமாகக் கடிதம் கேட்டு வாங்குங்கள். கம்பெனி மெயில் ஐடி முடங்கிய பிறகு இதை வாங்குவது பெரும்பாடு. கார்டுகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்கு நேரில் போய், குரூப்பிலிருந்து தனிநபர் பாலிசிக்கு மாற வேண்டும் என்று சொல்லுங்கள். கடைசி வேலை நாளுக்கு 45 நாள் முன்பாவது போய்விடுவது நல்லது. கவுன்ட்டரில் இருப்பவருக்கே இது பழக்கமில்லாமல், "புதுசா ஒண்ணு எடுத்துடுங்க சார், அதுதான் ஈஸி" என்று சொல்லக்கூடும். அப்போது தளராமல் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ மெயில் பதிலோ வாங்குங்கள்.

செய்துகொள்ள வேண்டிய சிகிச்சை ஏதாவது தள்ளிப்போட்டபடி இருக்கிறீர்களா? அம்மாவின் கண்புரை, உங்கள் ஹெர்னியா, டாக்டர் ஏற்கெனவே செய்யச் சொன்ன எதுவானாலும் வேலையில் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒன்றிரண்டு வருடத்தில் வேலையை விடும் எண்ணம் இருந்தால், இன்றே தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். கம்பெனி பாலிசி ஒரு பக்கம் உங்களைப் பார்த்துக்கொள்ளும். இன்னொரு பக்கம் தனிப் பாலிசியில் 24 மாதமும் 36 மாதமும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பாலிசி வைத்துக்கொள்வதில் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. வேலையை விடும் நாளில் யாரிடமும் எதையும் கேட்டு நிற்க வேண்டியிருக்காது.

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருந்தவர்கள் கவனியுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இருப்பது காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி அல்ல, அதனால் அங்கிருந்து எதற்கும் மாற்றிக்கொள்ள முடியாது. எங்கள் பக்கம் பவுண்டரியிலும் மில்லிலும் இருந்து சொந்தமாகத் தொழில் தொடங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் இவர்கள்தான். இவர்களுக்கு, வேலையில் இருக்கும்போதே சின்னதாக ஒரு தனிப் பாலிசி எடுத்து வைப்பதுதான் வழி.

பணம் கட்டுவதற்கு முன்: அரசுத் திட்டம் உங்களுக்குக் கிடைக்குமா?

இதைக் கூச்சமில்லாமல் பாருங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கி, 2012இல் இப்போதைய பெயருக்கு மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, அரசு மருத்துவமனைகளிலும் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் பணம் கட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். பிரீமியமும் இல்லை, காத்திருப்பும் இல்லை.

வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். தையல், சின்னப் பெட்டிக்கடை, வீட்டிலிருந்தே இட்லி மாவு அரைத்து விற்பது என்று தொடங்குகிறவர்கள் பலர் இந்த வரம்புக்குள் வருவார்கள். அவர்கள் தனியார் பாலிசிக்கு ஓடுவதற்கு முன் இங்கே போய்விட்டு வர வேண்டும்.

வீட்டில் 70 வயது கடந்தவர்கள் இருந்தால் வருமானம் எதுவாக இருந்தாலும் வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா திட்டத்தை 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியிருக்கிறது. அதே மையத்தில் இதையும் விசாரித்துவிடுங்கள்.

வரம்புக்கு மேலே சம்பாதிப்பவர்கள் அடுத்ததற்கு வாருங்கள்.

எவ்வளவுக்கு எடுப்பது?

மருத்துவமனைக்குப் போய் ஒரு வாரம் ஐசியூவில் இருந்து வந்தவர்களிடம் பில்லைக் கேட்டுப் பாருங்கள். கணவன், மனைவி, ஒரு குழந்தை உள்ள குடும்பத்துக்கு 3 லட்சம் போதாது என்பது என் எண்ணம். 10 லட்சம் இருந்தால் கொஞ்சம் நிம்மதி. ஆனால் தொழில் தொடங்கிய முதல் வருடத்தில் 10, 15 லட்சத்துக்கான பிரீமியம் கனமாகத் தெரியும். அங்கேதான் சூப்பர் டாப்-அப் உதவுகிறது.

அடிப்படை பாலிசி 5 லட்சத்துக்கு எடுங்கள். அதன் மேல், 5 லட்சம் டிடக்டிபிள் வைத்து 20 லட்சத்துக்கு ஒரு சூப்பர் டாப்-அப். டிடக்டிபிள் என்றால், அந்தத் தொகை வரை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு மேல் நீங்கள் கொடுங்கள் என்று அர்த்தம். முதல் 5 லட்சத்தை நாம் சுமப்பதால், இந்த 20 லட்சத்தின் பிரீமியம் நேரடியாக 20 லட்சம் எடுப்பதைவிட மிகக் குறைவு.

"சூப்பர்" என்ற வார்த்தை பாலிசியின் பெயரில் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். வெறும் டாப்-அப் வேறு. ஒரே வருடத்தில் இரண்டு முறை தலா 4 லட்சம் செலவு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8 லட்சம். அடிப்படை பாலிசி 5 லட்சம் கொடுத்துவிடும். மிச்சம் 3 லட்சத்தை சூப்பர் டாப்-அப் கொடுக்கும், ஏனென்றால் அது வருடம் முழுவதற்குமான செலவைக் கூட்டிப் பார்க்கிறது. சாதா டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். 4 லட்சம், 5 லட்சத்தைத் தாண்டவில்லை என்று இரண்டு முறையும் கையை விரித்துவிடும்.

மிகக் குறைந்த செலவில் ஒன்று வேண்டும், பாலிசித் தாளில் உள்ள நுணுக்கமெல்லாம் படிக்க நேரமில்லை என்பவர்களுக்கு ஆரோக்ய சஞ்சீவனி இருக்கிறது. 2020இல் ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் விதிகள் ஒன்றுதான், விலை மட்டும் மாறும், அதனால் ஒப்பிடுவது சுலபம். எந்த பில்லிலும் 5 சதவீதம் நாம் கட்ட வேண்டும். அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ஆனால் நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் இல்லை. கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு அதிகபட்சம் 40,000. சின்ன ஊர்களில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே போதும். சென்னை, கோவையில் பெரிய மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு அறை வாடகையில் இடிக்கும்.

அறை வாடகை என்ற ஒற்றை வரி

பாலிசி வாங்கும்போது யாரும் இந்த வரியில் நிற்பதில்லை. டிஸ்சார்ஜ் அன்றுதான் எல்லோரும் நிற்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பொறுமையாகப் பாருங்கள்.

3 லட்சம் பாலிசி. அறை வாடகை நாளுக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். மருத்துவமனையில் 6,000 ரூபாய் அறைதான் காலியாக இருந்தது, எடுத்துக்கொண்டீர்கள். நாலு நாள். அறைக்கு 24,000. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 80,000. மருந்து, பரிசோதனைகள் 40,000. மொத்த பில் 1,44,000.

அறையில் கூடுதலாகப் போன 12,000 மட்டும்தானே நம் கையிலிருந்து என்று நினைப்போம். அப்படி இல்லை. நமக்கு உரிமையான அறையைவிட இரு மடங்கு வாடகையில் தங்கியதால், டாக்டர், தியேட்டர், நர்சிங் கட்டணங்களையும் பாதியாக வெட்டுவார்கள். எனவே அறைக்கு 12,000, அந்த 80,000க்கு 40,000, மருந்துக்கும் பரிசோதனைக்கும் முழுதாக 40,000 என்று நிறுவனம் கொடுப்பது 92,000. நாம் கட்டுவது 52,000. மருந்து, பரிசோதனை, உடலுக்குள் வைக்கும் கருவிகள், ஐசியூ கட்டணம் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்று விதி இருக்கிறது. அதையும் வெட்டியிருந்தால் கேளுங்கள்.

ஆகவே அறை வாடகைக்கு வரம்பு இல்லாத பாலிசி, அல்லது "தனி அறை" என்று பணத் தொகை இல்லாமல் எழுதியிருக்கும் பாலிசி எடுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும். வேறு எங்கே வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், இதில் மட்டும் வேண்டாம்.

இதோடு இன்னும் இரண்டு வார்த்தைகளைத் தேடுங்கள். கோ-பே என்று இருந்தால் ஒவ்வொரு பில்லிலும் அந்தச் சதவீதம் நம்முடையது. சப்-லிமிட் என்று இருந்தால் குறிப்பிட்ட நோய்க்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு. கையுறை, சிரிஞ்ச் போன்றவற்றுக்குக் கொடுக்காத பாலிசிகள் நிறைய. அதற்குத் தனி ஆட்-ஆன் இருக்கிறது, விலை குறைவு என்றால் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த நிறுவனம்?

ஆன்லைனில் ஸ்டார் போட்டு வரிசைப்படுத்தியிருப்பதைப் பார்ப்பதைவிட, நீங்கள் வழக்கமாகப் போகும் இரண்டு மூன்று மருத்துவமனைகளின் இன்ஷூரன்ஸ் கவுன்ட்டருக்கு மதியம் மூன்று மணி வாக்கில், கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். "எந்தக் கம்பெனி சீக்கிரம் அப்ரூவ் பண்ணுது, எது இழுக்குது?" என்று கேளுங்கள். தினம் ஐம்பது ஃபைல் பார்ப்பவர்கள் மழுப்பாமல் சொல்வார்கள். நான் இரண்டாவது முறை பாலிசி தேர்ந்தெடுத்தது அப்படித்தான். என் மனைவிக்கு "வராதுங்க" என்று சொன்ன அதே பெண்தான் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார்.

நிறுவனங்களின் கிளெய்ம் கணக்குகளை ஒழுங்குமுறை ஆணையம் ஒவ்வொரு வருடமும் வெளியிடுகிறது. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்களின் ஆண்டறிக்கையில் எந்த நிறுவனத்தின் மேல் எத்தனை புகார் என்பதும் இருக்கும். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

ஏஜென்ட் மூலமாகவா, நேரடியாகவா என்று பலர் கேட்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் போன் எடுக்கிற ஏஜென்ட் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடமே எடுங்கள். ஆனால் ஒரு விஷயம்.

விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள்

என் நண்பர் ஒருவருக்காக அவர் வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பியபோது நடந்தது இது. "சுகர், பிபி உண்டா?" என்ற கேள்விக்கு வந்ததும் ஏஜென்ட், "மாத்திரை சின்ன டோஸ்தானே, 'இல்லை'ன்னு போட்டுடலாம், பிரீமியம் ஏறாது" என்றார். டேபிள் மேல் அந்த பிபி மாத்திரை அட்டை கிடந்தது. நண்பர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை வாங்கி "உண்டு" என்று எழுதி, எந்த வருடத்திலிருந்து, என்ன மாத்திரை என்பதையும் எழுதினேன். பிரீமியம் கொஞ்சம் ஏறத்தான் செய்தது.

மறைத்தால் என்ன ஆகும்? மருத்துவமனையில் சேரும்போது "எத்தனை வருஷமா பிபி?" என்று டாக்டர் கேட்பார். வலியில் இருப்பவர் உண்மையைச் சொல்வார், அது கேஸ் ஷீட்டில் ஏறும். கிளெய்ம் பார்ப்பவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். கிளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே ரத்தாகலாம். இடைவெளியில்லாமல் 60 மாதம் கட்டிவிட்டால், அதன் பிறகு மோசடி நிரூபணமானால் தவிர, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது. இது முன்பு எட்டு வருடமாக இருந்தது. ஆனால் அந்த ஐந்து வருடத்தைப் பயத்தோடு ஓட்டுவதைவிட உண்மையை எழுதிவிடுவது எவ்வளவோ மேல்.

பாலிசி கைக்கு வந்ததும் கூடவே வரும் விண்ணப்ப நகலைப் படியுங்கள். உங்கள் பதில்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அப்பா அம்மாவுக்கு

அவர்களை உங்கள் குடும்ப பாலிசிக்குள் சேர்க்காதீர்கள். குடும்பத்துக்கே சேர்த்து ஒரே தொகை உள்ள ஃப்ளோட்டர் பாலிசியில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். 64 வயது அப்பாவைச் சேர்த்தால் மொத்த பாலிசியும் அவர் வயதுக்கு ஏறிவிடும். அவர் ஒருமுறை அட்மிட் ஆனால் குழந்தைக்கான தொகையும் சேர்ந்து கரையும்.

கம்பெனி பாலிசியில் அவர்களும் இருந்தார்கள் என்றால், மேலே சொன்ன மைக்ரேஷனால் அதிகம் பயன் பெறுவது அவர்கள்தான். உங்களுக்கு மாற்றாவிட்டாலும் அவர்களுக்கு மாற்றுங்கள். புதிதாக எடுப்பதாக இருந்தாலும் 65 வயதோடு கதவு மூடும் பழைய விதி இப்போது இல்லை. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்காமல் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவும் வந்திருக்கிறது. பெரியவர்களுக்கு 10, 20 சதவீத கோ-பே இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். இல்லாத பாலிசியின் விலை சில சமயம் கட்டக்கூடியதாகவே இருக்காது.

பிரீமியத்தை எங்கே குறைக்கலாம்?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 18 சதவீதம் இருந்தது. பழைய விலையை மனதில் வைத்துப் பயந்திருப்பவர்கள் இப்போது மறுபடியும் விசாரியுங்கள்.

பல நிறுவனங்கள் ஊரைப் பொறுத்து விலை வைக்கின்றன. ஈரோட்டில் இருப்பவர் சென்னை விலை கட்டத் தேவையில்லை. பின்கோடை சரியாகக் கொடுங்கள். ஆனால் குறைந்த விலை ஊரில் எடுத்துப் பெரிய நகரத்தில் சிகிச்சை பெற்றால் ஒரு பங்கு நாம் கட்ட வேண்டும் என்று சில பாலிசிகளில் இருக்கும். அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

சில வங்கிகள் தங்கள் கணக்குதாரர்களுக்குக் குரூப் பாலிசி தருகின்றன. விலை குறைவு. வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்தால் அதுவும் முடியும் என்பதால் இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

தினப்படி பணம், வெளிநோயாளி செலவு, இலவச செக்கப் என்று அடுக்கும் ஆட்-ஆன்களை முதல் வருடத்தில் விட்டுவிடலாம். மாதத் தவணை வசதி இருக்கிறது, ஆனால் எங்களைப் போல் பில் எப்போது வரும் என்று தெரியாத தொழிலில் ஒரு மாதம் தவறினால் 15 நாள்தான் அவகாசம். நான் மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டு வைத்து, வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டுகிறேன்.

வருமான வரிச் சலுகை பற்றிச் சுருக்கமாக. 80டி பிரிவில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் 25,000 வரை, 60 கடந்த பெற்றோருக்கு 50,000 வரை கழிவு என்று பழக்கமாகச் சொல்வது பழைய வரிமுறையில்தான். புதிய வரிமுறையில் கிடையாது. தொழில் வருமானம் உள்ளவர்கள் சம்பளக்காரர்களைப் போல வருடாவருடம் வரிமுறையை மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் இந்தக் கழிவை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், ஆடிட்டரிடம் மொத்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். பழைய முறையில் இருப்பவர்கள் பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டாதீர்கள், கழிவு கிடைக்காது.

இன்னொன்று. மருத்துவ பாலிசி மருத்துவமனை பில்லை மட்டும்தான் கட்டும். விரலில் அடிபட்டு ஒரு மாதம் மிஷினில் நிற்க முடியாவிட்டால் வருமானமும் நின்றுவிடும். அதற்கு வாராவாரம் ஒரு தொகை தரும் தனிநபர் விபத்துப் பாலிசி தனியாக இருக்கிறது. விபத்தில் மரணமோ முழு ஊனமோ ஏற்பட்டால் 2 லட்சம் தரும் பிரதமரின் சுரக்‌ஷா பீமா யோஜனா வருடத்துக்கு வெறும் 20 ரூபாய். வங்கியில் கையெழுத்துப் போட்டால் போதும்.

அட்மிட் ஆகும் நாளிலும், மறுத்துவிட்டாலும்

முன்கூட்டியே தெரிந்த ஆபரேஷன் என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அவசரமாகச் சேர்த்தால் 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிடுங்கள். கேஷ்லெஸ் (நிறுவனமே நேராக மருத்துவமனைக்குக் கட்டுவது) விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்பது 2024 மே மாத விதி. மூன்று மணி நேரத்தைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாக வாங்கும் கட்டணத்தை நிறுவனமே ஏற்க வேண்டும்.

மறுத்துவிட்டால் வாய்ப்பேச்சில் நிறுத்தாதீர்கள். எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில். சரிவரவில்லை என்றால் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார் தளத்தில் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். அதற்கு மேல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளைப் பார்க்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, கோவையிலிருந்து தபாலிலும் ஆன்லைனிலும் அனுப்பலாம். நிறுவனம் இறுதியாக மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

கடைசியாக, புதுப்பிக்கும் தேதி. 30 நாள் அவகாசம் உண்டு, காத்திருந்த காலமும் போகாது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கட்டுபவர்களுக்கு, தேதி முடிந்து பணம் கட்டும் வரையான அந்த இடைப்பட்ட நாள்களில் அட்மிட் ஆனால் கிளெய்ம் கிடையாது. வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்ய நினைப்பவர்கள் அந்தத் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் பாலிசி அக்டோபர் 9ஆம் தேதி முடிகிறது. பட்டறைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஆகஸ்ட் 20ஆம் தேதித் தாளின் ஓரத்தை, ஜனவரியில் காலண்டர் மாட்டும்போதே மடித்து வைத்துவிடுவேன்.